கொழுந்தன் வீட்டு வாத்துகள்

முட்டாள்தனத்துக்கு வாத்தை உவமை சொல்வது மாபெரும் வரலாற்றுப் பிழை. 'வாத்து மடையா' என்று திட்டுகிறவர்களில் ஒருவர்கூட வாத்து வளர்த்தவர் இல்லை. தனக்குத் தீனி போடும் கை எது என்று வாத்துக்கு மிக நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவ்வளவு களேபரம் ஆகியிருக்காது.

காலையில் பார்த்தால் பண்ணைக்காரம்மாவின் வாத்துப் பட்டி காலி. வேலியில் புத்தம்புது ஓட்டை. வேலிக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் வீட்டு முற்றத்தில், அவளுடைய வாத்துகள் அத்தனையும் மாநாடு போட்டுக்கொண்டிருந்தன.

"பார்த்தீங்களா, உங்க தம்பி லட்சணத்தை!" என்று புருஷனை உலுக்கினாள்.

"அங்க புழு நிறைய கிடைக்குதோ என்னமோ" என்றார் அவர், போர்வைக்குள்ளிருந்து.

"புழு இல்ல, ஆபீசர் வந்திருக்கார்!"

கொரோனாவில் உணவு விடுதிகள் மூடிக்கிடந்து முட்டை விற்காமல் போனதற்காக அரசு பண்ணைகளுக்கு நிவாரணம் அறிவித்திருந்தது. உயிரோடு இருக்கும் வாத்து ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதிகாரி நேரில் வந்து எண்ணுவார். தீனிக்கு வழியில்லாமல் வாத்தையே விற்றவர்களுக்குக் காலணா கிடையாது. நஷ்டப்பட்டதற்கு வாத்து சாட்சி சொல்ல வேண்டுமாம். அன்றுதான் கடைசி நாள்.

பம்புசெட் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

"இன்னிக்கு அவன் மானத்தைக் கப்பலேத்தறேன்" என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓட்டை வழியாகவே புகுந்தாள்.

அங்கே அதிகாரி, முகக்கவசத்துக்கு மேலே மூக்குக்கண்ணாடி வேர்க்க, "முப்பத்தொம்போது... ஏய், நில்லு... முப்பத்தொம்போது..." என்று திண்டாடிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததுதான் தாமதம். வாத்துகள் அதிகாரியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டன.

"என்னம்மா இது? எல்லாம் உங்ககிட்ட ஓடி வருது? இது யார் வாத்து?"

அவள் வாயைத் திறந்தாள்.

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் கொழுந்தனின் பட்டி தெரிந்தது. மருந்துக்குக்கூட ஓர் இறகு இல்லை. தண்ணீர்த் தொட்டி காய்ந்து வெடித்திருந்தது. வாசற்படியில் ஓரகத்தி. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும். அவை அதிகாரியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தன.

"அதைக் கேட்கத்தான் சார் வந்தேன்!" என்று கம்பைத் தரையில் ஓங்கித் தட்டினாள். "வாத்து வளர்க்கறாராம், பெரிய வாத்து! ஒரு வேளைகூட ஒழுங்கா தீனி போடறதில்ல. எல்லாம் எங்க வீட்டுக்கு வந்து மூக்குமுட்டத் தின்னுட்டுப் போகுதுங்க. என்னைப் பார்த்து ஓடி வராம, இந்தச் சோம்பேறியைப் பார்த்தா ஓடி வரும்?"

கொழுந்தனின் முகக்கவசம் தானாகவே தாடைக்கு இறங்கியது.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு அவள் பட்டிக்கு வந்தார்.

"உங்க வாத்தெல்லாம் எங்கம்மா?"

"வித்தாச்சு."

"வித்தாச்சா? எப்போ?" என்றார் புருஷன்.

"நீங்க தூங்கறப்போ."

அதிகாரி அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டார். மனசாட்சியுள்ள மனிதர். திரும்பவும் ஓட்டை வழியே குனிந்து போய்க் கொழுந்தனை எச்சரித்தார்:

"உங்க மேல புகார் வந்திருக்கு. வேளாவேளைக்குத் தீனி போடணும். திடீர்னு ஒருநாள் வருவேன். ஒரு வாத்து இளைச்சிருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கட்டணும், ஆமா!"

சாயங்காலம் வாத்துகள் வழக்கம்போல் அவள் பட்டிக்கே வந்து அடைந்தன.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, வருஷக்கணக்கில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத கொழுந்தன், கையில் ஒரு வாளியோடு வேலி ஓட்டையில் நின்றான்.

"அண்ணி, பட்டியைத் திறங்க. வாத்துக்குத் தீனி போடணும்."