பொசுக்காத மீசை

செத்த புலியின் வலது பக்க மீசையைக் காணவில்லை. எரிகிற ஓலைச்சூட்டுப் பந்தத்தோடு குனிந்த ஃபாரஸ்ட் கார்டு முத்துநாயகம் அப்படியே நின்றுவிட்டார்.

கீரிப்பாறை மலையில் புலி விழுந்தால் முதல் வேலை அதன் மீசையைப் பொசுக்குவதுதான். மாலை போடுவதும் மஞ்சள் தடவுவதும் அதற்கப்புறம். மீசையைப் பொடியாக நறுக்கிச் சாப்பாட்டில் கலந்தால் அது குடலை அரித்து ஆளைக் கொன்றுவிடும், எந்த வைத்தியருக்கும் பிடிபடாது என்பது அங்கே எல்லாரும் நம்புகிற சங்கதி. மகாராஜா காலத்திலிருந்து திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் வரை, முத்துநாயகம் ஒரு புலியைக்கூட மீசையோடு விட்டவரில்லை.

இன்றைக்கென்று பார்த்துத் தாமதமாகிவிட்டது. எஸ்டேட் துரை விடியற்காலையில் சுட்ட புலியைப் பங்களா முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். காடு பார்க்க வந்து அங்கே தங்கியிருந்த வடசேரி ஜவுளிக்கடை கிருஷ்ணமணி முதலாளி, போட்டோ பிடித்த பிறகுதான் பொசுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மீசையில்லாமல் எடுத்தால் ஊரில் பூனை என்று சொல்லிவிடுவார்களாம்.

புலித்தலைக்கு ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் அவர் சம்சாரம் பகவதி. அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் கிட்டே போகவில்லை.

முத்துநாயகத்தின் சந்தேகம் நேரே பகவதியிடம் போய் நின்றது. மூத்த சம்சாரம் தவறிப்போன பிறகு முதலாளி கட்டிக்கொண்டு வந்தவள்; அவருக்கு மகள் வயசு. வந்ததிலிருந்தே அவள் முகத்தில் ஈயாடவில்லை. போட்டோ முடிந்த கையோடு முதலாளி ஆசையாய் வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அவர் திரும்பியதும் அதைப் புதருக்குள் எறிந்துவிட்டாள். புருஷன் கைப்பட்ட வெற்றிலையே ஆகாதவள் வேறு எதற்குத்தான் துணியமாட்டாள்?

முதலாளி கட்டியிருந்த வேட்டியைக் களைந்து, வேறொன்றைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தார். முத்துநாயகம் பங்களாவின் பின்னால் இருந்த அடுப்படிக்கு ஓடினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முன்னால் பகவதி குந்தியிருந்தாள். கையில் வாழைச்சருகுப் பொட்டலம் ஒன்று. அவரைக் கண்டதும் அதை முந்தானைக்குள் மறைத்தாள்.

"இங்க தாங்கம்மா அத!"

"அண்ணாச்சி, நான்..."

"ஒண்ணும் பேசாண்டாம்!"

பிடுங்கிப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று விறைத்த மயிர்கள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இனி விசாரணை என்ன வேண்டிக்கிடக்கிறது? இன்னும் ஒரு நாழிகை தாமதித்திருந்தால் ஒரு மனிதரின் உயிர் போயிருக்குமே!

"அத அடுப்புல போட்டிருங்க அண்ணாச்சி. உங்களக் கும்பிடுதேன்."

"போட்டா சாட்சி இல்லாமப் போவும்லா? நல்லா இருக்கே உங்க கணக்கு!"

ஈர வேட்டியோடு முதலாளி வந்து நின்றார். பகவதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முத்துநாயகம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிப் பொட்டலத்தைக் காட்டினார். முதலாளி அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிற்று.

"இவளுக்கு என்னத்துல ஓய் நான் குறை வச்சேன்?" என்றார். "எனக்க உசிரக் காப்பாத்திட்டீரு. ஆனா இது வெளிய போவப்பிடாது கேட்டீரா? உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாது."

"நான் எதுக்கு வெளிய சொல்லப்போறேன் மொதலாளி!"

"அத இங்க தாரும். எனக்க கையால கொளுத்தினாத்தான் மனசு ஆறும்."

முத்துநாயகம் கொடுத்தார். முதலாளி பொட்டலத்தைப் பதனமாக மடியில் செருகிக்கொண்டு, டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். சாப்பிடக்கூட இல்லை. பெண்டாட்டியை ஒரு அடி அடித்தாரா, ஒரு வசவு வைதாரா? இப்படியும் ஒரு தங்கமான மனுஷன் உண்டா என்று முத்துநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி முன்னால் போய்க் காரில் ஏறினார். பகவதி கடைசியாகப் படியிறங்கி வந்தாள். ஒரு கிழவியைப் போல நடந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. முத்துநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை, கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"ஏம்மா, அவிய ஒங்கள மன்னிச்சுட்டாவ. இனியாவது ஒழுங்கா இருங்க."

பகவதி காரைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை.

"அவிய வேட்டி மடியிலருந்துதான் அண்ணாச்சி அத நான் எடுத்தேன்."