கை ஊன்றி எழுவது

என் நான்கு வயது மகள் நிலானி பாயிலிருந்து எழுந்ததைப் பார்த்து என் கையிலிருந்த தோசைத் திருப்பி கீழே விழுந்தது. முதலில் முழங்காலில் கை, பிறகு தொடையில், தன் உடம்பின் மீதே ஏறுவதுபோல எழுந்தாள். தசைச் சிதைவு நோயோடு பிறந்த என் கணவர் சேந்தன் அப்படித்தான் எழுவார். இவளுக்கும் வந்துவிட்டதா?

அவருடைய தசைச் செல்களின் சவ்வைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் புரதத்தை இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி கொடுத்துவிடுகிறது. மாடிப்படி ஏறுகிறார், என்னோடு சண்டை போட்டால் விறுவிறுவென்று வெளியேயும் போகிறார். எழும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஆஸ்பத்திரியில் நிலானியின் கெண்டைக்காலில் தசையைப் படமெடுக்கும் கருவியை வைத்தார்கள். திரையில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் அந்தப் புரதம் பச்சை வளையமாக முழுசாகத் தெரிந்தது.

"அப்புறம் ஏன்டி அப்படி எந்திரிச்ச?"

"அப்பா அப்படித்தான எந்திரிப்பாங்க."

அன்று மாலை சேந்தனைப் பாயில் உட்காரவைத்தேன். "கை ஊனாம எந்திரிங்க. புள்ள உங்களைப் பாத்துத்தான் கத்துக்குது."

முயன்றார். பாதியில் தடுமாறிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

நிலானி ஓடிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து அவர் முழங்காலில் வைத்தாள்.

"இப்படிப்பா. நான் சொல்லித் தரேன்."