துண்டுக்கு அடியில் ஒரு பேரம்

விரல் மூட்டுகள் வீங்கியதிலிருந்து மாட்டுத் தரகர் நாச்சிமுத்து சந்தைக்குப் போகவில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். இந்தக் கையை யாரிடம் நீட்டுவது என்று நான்கு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீக்கம் கையிலிருந்து மனசுக்கு ஏறிவிட்டது என்றாள் மனைவி. முப்பது வருடமாக அவரோடு மல்லுக்கு நிற்கிற இன்னொரு தரகர் குப்பண்ணன் ஒருநாள் வந்தார். நலம் விசாரிக்கவில்லை. அந்தக் கையைத் தன் துண்டால் மூடி, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் ஐந்து விரலையும் பிடித்தார். “எதுக்கு மாப்ளே இது?” என்றார் நாச்சிமுத்து. “வாரம் அஞ்சு நாள் சந்தைக்கு வரோணும்.” “அடப்பாவி, சந்தை கூடறதே வாரத்துல ஒரு நாள்தான!” நான்கு மாதத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. “சரி, உனக்காக எறங்கி வரேன். ஒரு நாள்.” குப்பண்ணன் ஆள்காட்டி விரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டார். “அரை நாள்தான் முடியும்,” என்றார் நாச்சிமுத்து, பழக்கதோஷத்தில். “வாயில சொன்னாச் செல்லாது. அரைன்னா விரலைப் பாதி மடக்கோணும். மடக்கு, பாக்கலாம்.” நாச்சிமுத்து பல்லைக் கடித்து முயன்றார். வீங்கிய விரல் விறைத்து நின்றது. “முழு நாள்! பேச்சு முடிஞ்சுது!” என்று கூவினார் குப்பண்ணன். “ஏமாத்துக்காரா!” என்று நாச்சிமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார், கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.