எலும்பு பொய் சொல்லாது

"பிறப்புச் சான்றிதழ் பொய் சொல்லும், பெத்தவங்க பொய் சொல்லுவாங்க. எலும்பு மட்டும் பொய் சொல்லாதும்மா!"

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் வாலிபால் அணிக்கு வயது சரிபார்க்க நெய்வேலிக்கு வந்திருந்த டாக்டர் அறிவுச்செல்வன், இசைப்பிரியாவின் மணிக்கட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு ஐந்தே முக்கால் அடி இசைப்பிரியாவை அண்ணாந்து பார்த்தார்.

"பதினேழு வயசு. அடுத்த ஆள்!"

"பதிமூணுதான் சார். அவங்கப்பாவும் மைன்ஸ்ல எல்லாரையும் விட ஒசரம்," என்று கெஞ்சினார் பயிற்சியாளர் மெர்லின் டீச்சர்.

"முப்பது வருஷமா எலும்பு பாக்குறேன். எனக்கே பாடமா?"

"மூணு வருஷமா இதுக்குத்தானே மிஸ் ஆடிக்கினு இருக்கேன்," என்று விசும்பினாள் இசைப்பிரியா.

மதியச் சாப்பாடு முடிந்து டாக்டர் ஏப்பத்தோடு உட்கார்ந்ததும், அணியின் ரெட்டைச் சடைக் குட்டிப்பெண் செல்லக்கிளியை அவர் முன் நிறுத்தி, ஒரு எக்ஸ்ரேயை நீட்டினார் டீச்சர்.

டாக்டர் சடையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா, இதுதான் குழந்தை எலும்பு! பன்னிரண்டைத் தாண்டாது." படத்தின் மேலேயே 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"ரொம்ப நன்றி சார். அப்படியே மூலையில இருக்கற பேரையும் ஊரையும் ஒரு தடவை வாசிச்சிடுங்க."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"இசைப்பிரியா, வடக்குத்து."

"நீங்க சொன்னது சரிதான் சார், எலும்பு பொய் சொல்லலை," என்றபடி படத்தைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார் டீச்சர்.