படம் இல்லாத மலர்

அழிந்துபோன செடிகளைப் பற்றிய நூல் அன்று மதியம் அச்சுக்குப் போக வேண்டும். எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்பிலிருக்கும் விவரங்களோடு படங்களைக் கோத்துப் பிடிஎஃப் ஆக்குவது புரோகிராமர் பெண்ணின் வேலை. ஒரே ஒரு மலருக்கு மட்டும் படம் கிடைக்கவில்லை. பழைய வர்ணனை ஒன்றுதான் மிச்சம். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். ஆனால் பிடிஎஃப்பில் அங்கே ஒரு மொட்டு இருந்தது.

கோப்பைத் துருவித் துருவிப் பார்த்தாள். படமே இல்லை. புரோகிராமை மறுபடி ஓட்டினாள். மொட்டு பாதி விரிந்திருந்தது.

பக்கத்து அறைக்கு ஓடிப்போய் நூலை எழுதிய பேராசிரியரைக் கூட்டிவந்தாள். "சார், இது நீங்க அனுப்பின படமா?"

பாதி ஆயுளைக் காடு காடாக அலைந்து அந்த மலரைத் தேடியவர் அவர். கடைசியில் 'இனி இல்லை' என்று எழுதிக்கொடுத்தவரும் அவர்தான்.

"நான் எங்கேம்மா அனுப்புறது?" திரையருகே குனிந்தார். "உள்ளுக்குள்ள ஊதா ரேகை... அப்படியே இருக்கே! இன்னொரு தடவை ஓட்டேன்."

ஓட்டினாள். மலர் முழுதாக விரிந்திருந்தது.

அவர் மெல்லச் சொன்னார்: "இனி இல்லைன்னு எழுதியிருக்கேன்ல, அதை எடுத்துடும்மா."

அவள் அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினாள். மலரின்மேல் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. அதன் கால்களில் மகரந்தம் அப்பியிருந்தது.