உள்ளங்கையில் கரையும் மாத்திரை

குளியலறைத் தரையில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அதன் மேல் சோப்பு அழுக்கு ஆடை கட்டியிருக்கிறது. அவள் குந்தி உட்கார்ந்து, சல்லடை மூடியைத் தூக்கி, ஓட்டைக்குள் விரலை விட்டு இழுக்கிறாள். செத்த எலியைப் போலக் கொழகொழவென்று ஒரு முடிச்சுருள் வருகிறது. எல்லாம் அவள் முடிதான், தைராய்டு குறைந்ததில் கொட்டியது. இடது உள்ளங்கையில் தைராய்டு மாத்திரை. நேற்று முதன்முதலாக அதைப் போட்டதும் நெஞ்சு படபடத்து, உயிரே போய்விடும் என்று பயந்து மாலைவரை கட்டிலை விட்டு எழவில்லை. இன்று விடிந்ததிலிருந்து கையிலேயே வைத்திருக்கிறாள். வியர்வையில் ஊறி அதன் விளிம்பு மாவாகிவிட்டது. அந்த வெள்ளைப் பசையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. "அக்கா, போட்டியா இல்லையா? இனிமே நீ எப்ப போட்டு, அரை மணி கழிச்சு எப்ப காபி குடிக்கிறது?" தங்கை கதவருகே நிற்கிறாள். "போட்டா நேத்து மாதிரியே அடிச்சுக்கும்டி." "இப்ப எப்படி இருக்கு?" நெஞ்சைத் தொட்டுப் பார்க்க அவளுக்குக் கை இல்லை, ஒன்றில் முடி, ஒன்றில் மாத்திரை. தங்கை குனிந்து அவள் கழுத்தோரம் விரல் வைக்கிறாள். "அடிப்பாவி, தடதடங்குது. வாய்க்குள்ள போறதுக்கு முன்னாடியே இந்த ஆட்டமா?" அவள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். முடிச்சுருளைக் குப்பைக்கூடையில் எறிகிறாள். நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு இடது உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய், மாத்திரையோடு அந்தப் பசையையும் மிச்சமில்லாமல் நக்கி விழுங்குகிறாள். காலடியில் அழுக்குத் தண்ணீர் களக்கென்று இறங்குகிறது.