ஆயரின் வண்டி

2019 ஆவணியில், இலண்டன் அப்டன் பார்க்கில், கத்தோலிக்க ஆலயத்தின் பங்கு அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கும் பியற்றிஸ் எனக்குச் சொன்னது இது. தாம் நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்வதாக அவர் உறுதி கூறினார்.

அந்தப் பங்கின் பாதுகாவலர் புனித எர்கன்வால்ட். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனின் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்தவர். திருநாளன்று அவருடைய சுரூபத்தை எட்டுப் பேர் தோளில் சுமந்து தெருவைச் சுற்றி வருவது, யாழ்ப்பாணத்து, மன்னார்க் குடும்பங்கள் அங்கே கொண்டுவந்த வழக்கம். சுமக்கும் தண்டுகளில் முன்புற வலத் தண்டு இருபத்தொரு வருடமாகச் சவிரிமுத்துவினுடையது.

அவ்வருடம் திருநாள் குழுத் தலைவி கிளறிற்றா, தோளுக்குப் பதிலாக ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இதென்ன பிள்ளை, சுப்பர்மார்க்கற் ட்ரொலியோ?" என்றார் சவிரிமுத்து.

"தோளில தூக்கக் கவுன்சில் விடாதாம், அண்ணை."

"கவுன்சில் என்ன சொன்னாலும் தலையாட்டுவீரோ?"

"இந்த ஆயரும் கடைசிக் காலத்தில நடக்க ஏலாமல் வண்டியிலதானே போய்ப் பிரசங்கம் வைச்சவர்."

"அது உயிரோட இருக்கேக்க. இப்ப அவருக்கென்ன கால்நோவோ?"

சனம் சிரித்தது. கிளறிற்றா பேசவில்லை. சவிரிமுத்து வண்டியில் ஒரு கையை ஊன்றியபடி, முகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அன்று மாலையே குழு கூடி, வழக்கத்தைக் கெடுத்தார் என்று கிளறிற்றாவைத் தலைமையிலிருந்து நீக்கியது. ஒன்பது வருட வேலைக்கு ஒருவரும் நன்றிகூடச் சொல்லவில்லை.

மறுநாள் கோப்புகளை அடுக்கும்போது ஊர்வலத்துக்கு அனுமதி தரும் கவுன்சிலின் கடிதம் பியற்றிஸின் கையில் அகப்பட்டது. எடுத்துக்கொண்டு கிளறிற்றாவின் வீட்டுக்கு ஓடினார். ஷிப்ட் முடிந்து வந்த கிளறிற்றா, சுடுதண்ணீரில் காலை வைத்தபடி கண்ணை மூடி இருந்தார்.

"அக்கா, இதில தோளில தூக்கலாம் எண்டெல்லோ கிடக்கு!"

"ஓம்."

"பிறகேன் பொய் சொன்னனீங்கள்? இவ்வளவு ஏச்சும் வாங்கிக்கொண்டு?"

கிளறிற்றா கண்ணைத் திறக்கவில்லை.

"போன வருசம் தெரு வளைவில சவிரிமுத்து அண்ணையின்ர கால் மடங்கினதை நான் பின்னால நிண்டு கண்டனான். தண்டை விடச் சொன்னால் அந்த மனிசன் உடைஞ்சு போகும். எனக்குக் களைப்பாக் கிடக்கு, பியற்றிஸ். கடிதத்தைக் கிழிச்சுப்போட்டுத் தேத்தண்ணியைக் குடியும்."

பியற்றிஸ் இத்துடன் முடித்தார். இலண்டனின் இன்னொரு பகுதியான ஹரோவில் இருவரிடம் நான் கேட்ட வடிவம் வேறு விதமாக முடிகிறது. இரண்டில் எது முந்தியது என்று என்னால் துணிய முடியவில்லை. அதில், திருநாளுக்கு முந்திய கிழமை சவிரிமுத்துவே கிளறிற்றாவின் கதவைத் தட்டுகிறார்:

"எனக்கு இனித் தூக்க ஏலாது, பிள்ளை. வண்டி ஒண்டு எடும். நான் சனத்துக்கு முன்னால உம்மை ஏசுவன். நீர் வாய் திறக்காதையும்."